ஆதிநாராயணனின் வலது கால்

எளாவூர் ஆதிநாராயணன் இருபத்தைந்து வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர். கயிற்றை நெஞ்சுப் பக்கம் இழுத்து "ஹோ" என்றால் போதும், எப்பேர்ப்பட்ட முரட்டுக் காளையும் நின்றுவிடும். அப்படிப்பட்டவர் 1969இல் டிராக்டர் வாங்கினார். கொண்டுவந்து விட்ட ஆள் கிளட்ச், கியர், பிரேக் எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் காட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். நேராக ஓடுகிறது, திருப்பினால் திரும்புகிறது, இதற்கு மேல் கற்க என்ன இருக்கிறது என்று இவரும் இருந்துவிட்டார். ஊரில் யாருக்குத்தான் அதற்கு மேல் தெரிந்திருந்தது?

நான்காம் நாள் மனைவி தாயாரம்மாளை மட்கார்டில் உட்காரவைத்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினார். மண்பாதை கல்கத்தா ரோட்டில் ஏறும் இடத்தில் லாரி ஒன்று வந்துவிட்டது. ஆதிநாராயணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சுப் பக்கம் இழுத்து "ஹோ, ஹோ" என்று கத்தினார். கால் சும்மா கிடந்தது. இரண்டு விலா எலும்பு முறிந்து அவர் பிழைத்தார். தாயாரம்மாள் போய்விட்டாள்.

டிராக்டரை விற்றுத் தொலை என்றார்கள். "வாங்கறவனும் என்ன மாதிரி மாடு ஓட்டினவன்தான்" என்று மறுத்துவிட்டார். எலும்பு கூடியதும் வற்றிக் கிடந்த ஏரிக்குள் தினமும் ஓட்டினார். தாயாரம்மாளின் தம்பி கலியன் கூடவே நடந்து, நினைத்த நேரத்தில் "லாரி" என்று கத்துவான். உடனே பிரேக்கை மிதிக்க வேண்டும். பாழாய்ப்போன வாய் "ஹோ" என்றது. கை ஸ்டியரிங்கை இழுத்தது. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கரையில் நின்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டிலா பிணம் விழுந்தது?

நாற்பதாம் நாள் கலியன் கத்தவில்லை. புதர் மறைவிலிருந்து நேராகச் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

டிராக்டர் குலுங்கி, அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆதிநாராயணனின் வாய் திறக்கவே இல்லை.

"இன்னா மச்சான் இது? செத்துப் போயிருப்பியே."

"நெசமா பயந்தா கால் போவுதான்னு பாக்கணுமே மாமா. போச்சு. தானா போச்சு."

ஆதிநாராயணன் இறங்கி, வெடித்த ஏரி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"நாப்பதே நாளு, கலியா. 'ஓட்டிப் பழகு, அறுப்பு முடிஞ்சதும் ஏறிக்கிறேன்'னுதான் உங்கக்கா சொன்னா. நான்தான் கையப் புடிச்சி ஏத்திக்கினு போனேன்."