மஞ்சள் கிண்ணத்தில் யார் கைப்பக்குவம்?

வெர்டெல் மேப் மேற்கு பிலடெல்பியாவில் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவள். ரோட்டைப் பார்த்து ஓட்டியதைவிடக் கண்ணாடியில் பின்னால் பார்த்து ஓட்டியதுதான் அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். காசு கொடுக்காமல் பின்வாசல் வழியாக ஏறியவன் ஒருவன்கூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஓய்வு பெற்றதும் பஸ் போனது. அந்தக் கண்ணாடி மட்டும் மண்டைக்குள் தங்கிவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே. பூனை வளர்க்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஐம்பத்திரண்டாம் தெருவிலும் பால்டிமோர் அவென்யூவிலும் ஜமைக்காக்காரர், செனகல்காரர், எத்தியோப்பியாக்காரர் என்று எங்களைப் போன்ற கறுப்பு ஜனங்களே வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். அத்தனை வாசலிலும் பஸ்ஸை நிறுத்தி ஆள் இறக்கினாளே தவிர, ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. "அடுப்படியில நிக்கிறது யாருன்னு தெரியாம நான் எதையும் வாயில வைக்கமாட்டேன்" என்பாள். கைப்பையில் காரச் சாறு புட்டி ஒன்றும் உப்பு டப்பி ஒன்றும் எப்போதும் இருக்கும்.

அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிறு மதியச் சாப்பாடு உண்டு. கோழி வறுவலை யார் செய்தாலும் தட்டை நீட்டுவார்கள். அவித்த கிழங்கும் முட்டையும் கலந்து செய்கிற உருளைக்கிழங்கு சாலட் மட்டும் அப்படி இல்லை. பந்தியை நடத்தும் ஒடெஸ்ஸா கரண்டியைக் கையில் பிடித்தபடி, "இதை யார் செஞ்சது?" என்று ஹாலே கேட்கும்படி கேட்பாள். பேர் சரியில்லை என்றால் ஒருவரும் தொடமாட்டார்கள். கிண்ணம் போனபடியே வீடு திரும்பும். அந்த அவமானத்தில் வேறு சர்ச்சுக்கே மாறிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில், வெர்டெல். சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் கிண்ணம் நிறையச் செய்வாள். மேலே மிளகாய்ப் பொடியை வட்டமாகத் தூவி மூடிவைப்பாள். ஞாயிறு காலையில் புருஷன் லூசியஸ் அதை முன்னதாகவே சர்ச்சுக்குக் கொண்டுபோய்விடுவான். பாட்டுக் குழுவிலிருந்து அவள் கீழே இறங்கி வருவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும். அவளுக்குப் பதவி, பட்டம், சொத்து எல்லாம் அந்தக் காலிக் கிண்ணம்தான்.

போன ஜனவரியில் அவளுக்குக் கடுமையான சளிக்காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு கடைச் சாமான் எதுவும் முன்போல இல்லை என்று வெர்டெலுக்குப் பட்டது. உப்பில் உப்பு இல்லை. முட்டையில் முட்டை ருசி இல்லை. கலப்படம் செய்கிறார்கள் என்று மூன்று தடவை உப்பை மாற்றினாள். கடைக்காரனோடு சண்டை போட்டாள்.  

மார்ச் மாதப் பந்திக்குப் பிறகு ஒடெஸ்ஸா அவளை ஓரங்கட்டினாள். "இந்தத் தடவை ஆலிவ் காய் போட்டீங்களே சிஸ்டர், அது தனி ருசி" என்றாள். வெர்டெல் பிறந்ததிலிருந்து சாலட்டில் ஆலிவ் போட்டதில்லை. கேலி பண்ணுகிறாளா, வேறு எதையோ ஜாடையாகச் சொல்கிறாளா என்று புரியாமல் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்போடு ஒடெஸ்ஸாவும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தாள்.

மே மாதம் மருந்துக் கடையில் சலூன்காரர் ஹோரஸ் எதிர்ப்பட்டார். லூசியஸ் தலையில் பன்னிரண்டு வருஷமாக ஒரு முடி கிடையாது. ஆனாலும் வியாழக்கிழமை தவறாமல் இறகு செருகிய தொப்பியை மாட்டிக்கொண்டு சலூனுக்குப் போவான். அதை ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் முடி வெட்டுகிறவர்களைவிட வம்பளக்க உட்காருகிறவர்கள்தான் சலூனில் அதிகம்.

"என்ன சிஸ்டர், லூசியஸுக்கு உடம்பு சரியில்லையா? மூணு மாசமா ஆளையே காணோம். அவர் இல்லாம கடையில நல்லாப் பொய் சொல்ல ஆள் இல்ல."

"முட்டி வலி" என்றாள் வெர்டெல். ஊரார் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் வீடு வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்று மாத வியாழக்கிழமைகள் எங்கே போயின?

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும்போது சோதனை நடந்தது. சட்டைக் கையில் ஆரஞ்சு நிறக் கறை. பையில் ஒரு ஆலிவ் கொட்டை, செனகல் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பேர் அச்சடித்த காகிதத் துண்டு. சென்ட் வாசனை வருகிறதா என்று சட்டையை மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. அது இன்னும் மோசம். சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான் கிழவன் என்று தீர்மானித்தாள். நல்லாச் சமைக்கிற ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணம். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

செனகல் கடையில் கும்பா என்ற இளம்பெண் கல்லாவில் இருந்தாள். துப்புத் துலக்குவதற்காக வெர்டெல் தன் வைராக்கியத்தை விட்டு மீன்சோறு ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உயரமா, வழுக்கையா ஒருத்தர் இங்க வருவாரா?"

"இறகுத் தொப்பியா ஆண்ட்டி? இல்லியே, அப்படி யாரும் வந்ததில்ல."

"இறகுத் தொப்பின்னு நான் சொல்லவே இல்லையேம்மா."

கும்பா எதையோ எடுப்பதுபோல உள்ளே போனவள், திரும்பி வரவே இல்லை. மீன்சோறு சப்பென்று இருந்தது. வெர்டெல் உப்பைக் கொட்டினாள், காரச் சாற்றை ஊற்றினாள். நாக்கு எரிந்தது, அவ்வளவுதான். இந்தச் சப்பைச் சோற்றுக்கா இவன் பொய் சொல்லிவிட்டு ஓடிவருகிறான்? அப்படியானால் சோறு காரணமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இன்னொரு காகிதம் கிடைத்தது. அது ஐம்பத்திரண்டாம் தெருவில் எரல் என்ற ஜமைக்காக்காரர் நடத்தும் கடை. ஆட்டுக்கறிக் குழம்பும் அதே கதை. அவள் உப்பு டப்பியைத் தட்டத் தட்ட எரலின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அம்மா, எங்க ஆத்தா கைப்பக்குவம் அது. நாலு மணி நேரம் வெந்தது."

"இன்னும் நாலு மணி நேரம் வெந்தாலும் இப்படித்தான் இருக்கும். இறகுத் தொப்பிக்காரர் இங்க எதுக்கு வர்றார்?"

"யாரு, லூசியஸா? அவர் போன மாசமே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயே. எத்தியோப்பியாக்காரி செஹாய் கடையில போய்க் கேளுங்க. என்னை இதுல இழுக்காதீங்க."

ஆக, பேரும் கிடைத்துவிட்டது.

ஜூன் மாத முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு லூசியஸ் கிளம்பினான். அடுத்த பஸ்ஸில் வெர்டெல் ஏறினாள். செஹாயின் கடையில் கூட்டமில்லை. அடுப்படித் திரை பாதி ஒதுங்கியிருந்தது. உள்ளே ஸ்டூலில் லூசியஸ் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது மதிக்கத்தக்க அழகான பெண் ஒருத்தி தன் கையாலேயே அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வெர்டெல் திரையை முழுதாக இழுத்தாள். "கார் நல்லா ஓடுதா லூசியஸ்?"

அவனுக்குப் புரையேறியது. செஹாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த உருண்டையோடு வெர்டெலிடமே வந்தாள். "நீங்கதான் அவங்களா? வாயைத் திறங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஊட்டிவிட்டுத்தான் எங்களுக்குப் பேச்சே" என்றாள். முன்பின் தெரியாதவள் கையால் வெர்டெல் வாங்குவாளா? ஆனால் ஆத்திரத்தில் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. உருண்டை உள்ளே போய்விட்டது.

"எப்படி இருக்கு?" என்றான் லூசியஸ், ரொம்ப மெதுவாக.

"என்னத்த இருக்கு? உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இதுக்குத்தானா நீ..."

செஹாய் லூசியஸைப் பார்த்தாள். "இன்னைக்கு உப்பு தூக்கல் சார். இப்பத்தானே நீங்களே சொன்னீங்க? எலுமிச்சை வேற ஒரு முழுப் பழம் பிழிஞ்சிருக்கேன்."

வெர்டெல் அப்போதுதான் அடுப்பு மேடையைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், பக்கத்தில் மூடிபோட்ட பெரிய டப்பா.

லூசியஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். "பிப்ரவரியில கிண்ணத்தைக் கார்ல வச்சுட்டுத் திறந்து பார்த்தேன். முட்டை கெட்டு நாறுச்சு வெர்டி. உப்பு வாயில வைக்க முடியல. உனக்கு அது தெரியவே இல்ல. காய்ச்சலோட உனக்கு மூக்கு போச்சு, நாக்கும் போச்சு. அன்னைக்குக் கீழ விழுந்து கொட்டிப்போச்சுன்னு சர்ச்சுல சொல்லிட்டேன். அப்புறம் உன்னுது மாதிரி யாராச்சும் செய்வாங்களான்னு கடை கடையா ஏறி இறங்கினேன். கும்பா ஆலிவ் போட்டா. எரல் ஏதோ மசாலா போட்டாரு. மாசாமாசம் உன்னுதைக் கொட்டிட்டுக் கிண்ணத்துல அவங்க செஞ்சதை நிரப்பினேன். ஒண்ணும் உன்னுது மாதிரி வரல. ஆனா மேல மிளகாய்ப் பொடியை நான் வட்டமாத் தூவிடுவேன்."

"மூணு மாசமா ஊரான் சமையலுக்கு என் பேரை வச்சிருக்க."

"உன் பேரைச் சொன்னாத்தான் அந்த ஹால்ல தட்டு நீளும். அதை உன்கிட்டருந்து எப்படிப் பிடுங்குவேன்?"

"ஒரு பொம்பளை இருந்திருந்தாத் தேவலை" என்றாள் வெர்டெல். "அவளையாவது நாலு அறை அறைஞ்சிருப்பேன்."

செஹாய் எலுமிச்சம்பழ மூடி ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். வெர்டெல் அதை மூக்கில் வைத்து அழுத்தி இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, துணி துவைக்கும்போது வராமல் போன அழுகையை அங்கே அழுது தீர்த்தாள். மறுநாள் சர்ச்சுக்குக் கிண்ணம் போகவில்லை.

மூக்குக்கு மருந்தில்லை, தானாக வந்தால் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலை மாதப் பந்திக்கு முந்தின சனிக்கிழமை வெர்டெல் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அடுப்புப் பக்கம் லூசியஸை நிறுத்தினாள். முட்டையை மோந்து பார்க்கச் சொன்னாள். வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கு என்று அதட்டினாள். உப்பு போடும்போது மட்டும் அவளுக்கு அதட்ட வழியில்லை. அவன் ருசி பார்த்தான், யோசித்தான், இன்னும் கொஞ்சம் போட்டான், "சரி" என்றான். உண்மையாகத்தான் சொல்கிறானா? மூன்று மாதம் சலூனுக்குப் போவதாகப் பொய் சொன்னவன் இவன். அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு பாட்டுக் குழுவை விட்டுவிட்டு முதல் ஆளாக ஹாலில் நின்றாள். ஒடெஸ்ஸா மூடியைத் திறந்தாள். எல்லோர் கையிலும் தட்டு தயாராக இருந்தது. பதில் தெரிந்த கேள்விதான், வழக்கத்துக்காகக் கேட்டாள்.

"இதை யார் செஞ்சது?"

"லூசியஸ்" என்றாள் வெர்டெல்.

"எந்த லூசியஸ்?"

"நம்ம லூசியஸ்தான். என் வீட்டுக்காரன்."

முன்வரிசைத் தட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.  சுவரோரம் நின்ற லூசியஸ் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயதுக் கிழவனின் முகம் வெளிறிப் போயிருந்தது.

வெர்டெல் ஒரு தட்டை எடுத்தாள். இரண்டு கரண்டி நிறைய வைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, எல்லோரும் பார்க்க, நிதானமாக மென்று விழுங்கினாள். கைப்பையைத் திறக்கவில்லை. வாயில் கிழங்கு மெத்தென்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"உப்பு சரியா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள் ஒடெஸ்ஸா.

"எனக்கு ருசி போச்சு ஒடெஸ்ஸா. ஆறு மாசம் ஆச்சு. உப்பு சரியா இருக்குன்னு லூசியஸ் சொன்னான்."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள். ஒடெஸ்ஸா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் தட்டைத் தேடி எடுத்து நீட்டினாள்.