அக்காவின் பிள்ளை கிடக்கும் இடம்

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து அன்றைக்கே செத்துப்போனபோது, நான் பாரிசில், லா சப்பல் பகுதியில் ஒரு மரக்கறிக்கடையில் வேலைக்கு நின்றேன். அக்கா இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். அங்கிருந்து ரயில் ஏறினால் அன்றைக்கே போய்விடலாம். ஆனால் என்னுடைய அகதி வழக்கு முடியவில்லை. கையில் எல்லை தாண்டக்கூடிய ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று போனில் அவள் அழுவதைக் கேட்டேன்.

"உன்னாலை வரேலாதோ?" என்று ஒருக்கால் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றியும் அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு எழவில்லை.

அதன்பிறகு எனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைக்க ஒன்பது வருசம் எடுத்தது. போன ஐப்பசியில்தான் முதல்முறையாக அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாள் அத்தான் வேலைக்குப் போனபிறகு, "காலிலை சப்பாத்தைப் போடு, ஒரு இடம் காட்டுறன்" என்றாள்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு பழைய தேவாலயம். அதன் வளவுக்குள் சரிந்தும் பாசி பிடித்தும் நிற்கிற கல்லறைகள். அவற்றுக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில், கல்லில் செய்த பெரிய பெட்டிபோல ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு ஆணும் பெண்ணும் கைகூப்பியபடி மல்லாந்து கிடந்தார்கள். பலநூறு வருச மழை அவர்களுடைய மூக்கையும் விரல்களையும் கரைத்துவிட்டிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் அவர்களுடைய பிள்ளைகளை வரிசையாக முழந்தாளில் நிற்கச் செதுக்கியிருந்தார்கள். கடைசியில் துணியால் இறுகச் சுற்றிய ஒரு சின்ன உரு. அதற்கு முகமே இல்லை.

"அது பிறந்தவுடனை செத்த பிள்ளை. அதையும் கணக்கிலை சேத்திருக்கினம், பார்" என்றாள் அக்கா. சால்வை நுனியால் அந்த உருவின்மேல் ஒட்டியிருந்த சருகைத் துடைத்துவிட்டாள். பழகிய கை.

"எங்கடை பிள்ளை எங்கை, அக்கா?"

வடக்குச் சுவரைக் காட்டினாள். நீளத்துக்குப் புல்தான் கிடந்தது.

"அந்தச் சுவரோரம் எங்கையோ. நான் ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். அத்தான்தான் தனியக் கொண்டுவந்து தாட்டவர். சின்னப் பிள்ளையளுக்குக் கல்லு வைக்கிறேல்லை எண்டிட்டார். எந்த இடமெண்டு தெரியாமல் எங்கை நிண்டு அழுறது? அதுதான் ஞாயிறுகளிலை இந்தப் பிள்ளையிட்டை வாறனான்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நீ வரேல்லை எண்டு கோவமாயிருந்தது. உன்னட்டைப் பேப்பர் இல்லையெண்டு தெரிஞ்சும் கோவம்" என்றாள்.

"இப்பவும் இருக்கோ?"

"ஓம். கொஞ்சம் இருக்கு."

அன்றிரவு சாப்பாட்டில் அத்தான், "எங்கை போனனீங்கள்?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிக் கைகழுவினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

அடுத்தநாள் காலை அவர் வேலைக்குப் போகவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "ரெண்டுபேரும் வாங்கோ" என்றார். தேவாலய வளவுக்குள் நுழைந்ததும் கல்லறை எதையும் திரும்பிப் பாராமல் நேரே சுவரடிக்குப் போனார். அங்கிருந்த தண்ணீர்க் குழாயிலிருந்து எட்டு அடி எண்ணி வைத்து நின்றார்.

"இஞ்சைதான். தலை அந்தப் பக்கம்."

ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை.

அக்கா அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒன்பது வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நீங்களும் இஞ்சை வாறனீங்களோ?"

அவர் காருக்குத் திரும்பிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா ஈரப்புல்லில் அப்படியே குந்தினாள். யாரிடம் போவதென்று தெரியாமல் நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். தூறத் தொடங்கியும் மூன்றுபேரும் அசையவில்லை.