சிவப்புப் பென்சில் கடைந்த கைப்பிடி

என் அக்காவுக்குக் குறை சொல்லாமல் ஒரு வாய் டீ இறங்காது. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, முகத்துக்கு நேரே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். உளி, அரம், சுத்தியல் எல்லாவற்றுக்கும் மரக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் சரக்கைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். அங்கே அவளுக்குப் பெயரே சிவப்புப் பென்சில்தான்.

அவளிடம் அதிகமாகக் குறி வாங்கியவர் கடைசல்காரர். லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு, உளியைக் கொடுத்து உருட்டி எடுப்பவர். அக்கா ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருக்க, இவர் எழுந்தார்.

"அம்மா, நாங்க செஞ்சதையெல்லாம் முப்பது வருஷமா திருப்பி அனுப்பிட்டீங்க. இனிமே வீட்டுல சும்மாதானே இருக்கப் போறீங்க? உங்க கையால ஒரே ஒரு உளிக் கைப்பிடி செஞ்சு கொண்டு வாங்க. நாங்க செக் பண்றோம்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு வருஷம் குடுங்க. இதே நாள், இதே மேஜை," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குச் செய்யத் தெரியாதுன்னு ஆயிடுச்சுன்னா, நான் போட்ட ஒவ்வொரு குறியும் வெறும் வாய்ப்பேச்சுன்னு ஆயிடும்டி," என்றாள். தான் போட்ட குறியை அவளே சந்தேகப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால்தான், துணிக்கட்டு அடுக்கி வைத்திருந்த என் பின்னறையை அவள் கேட்டபோது மறுக்க மனசு வரவில்லை.

மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் மரவேலை வகுப்பிலிருந்து துருப்பிடித்த லேத் ஒன்று வந்து இறங்கியது. தூக்கி வந்த நாலு பேரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் துணிக்கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். ஆனால் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால், பேசிப் பயனில்லை.

லேத் பெரிய அதிசயமில்லை. நீண்ட இரும்புப் பலகையின் ஒரு பக்கம் மோட்டாரில் சுற்றும் தலை. மறுபக்கம் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எதிர்த்தலை. இரண்டுக்கும் ஒவ்வொரு கூர்முனை. எதிர்த்தலையை நெருக்கிக் கொண்டுவந்தால் இரண்டு முனையும் மூக்கோடு மூக்கு தொட வேண்டும், அவ்வளவுதான். அக்கா அதே மாதிரி லேத்தின் படம் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷுமாக இறங்கினாள். ஒவ்வொரு திருகையும் கழற்றித் துடைத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"படத்துல இருக்கிறது லேத். படத்துல இல்லாதது அழுக்கு," இதுதான் அவள் சட்டம்.

சுற்றும் தலையைக் கழற்றிய அன்று அதன் அடியிலிருந்து, கிரீஸ் அப்பிய ஒரு தகரத் துண்டு வந்தது. இரண்டாக மடித்தது. படத்தில் இல்லை, குப்பைக் கூடைக்குப் போனது. நான் எதையும் வீணாக்காதவள். எடுத்துத் துடைத்து என் தையல் மெஷினுக்கு வைத்தேன். அதன் ஒரு கால் எப்போதும் ஆடும், அட்டையை மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் நசுங்கிவிடும். இந்தத் தகரம் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

பேரிங் மாற்றினாள், பெல்ட் மாற்றினாள், மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்ற வைத்தாள். எட்டாவது மாதம் லேத் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல சத்தம் அது. உளி பிடிக்கவும் பழகிவிட்டாள், மரம் சுருள் சுருளாக விழுந்தது. வெளிப்பக்கம் வழவழவென்று வந்த கைப்பிடிக்கு உள்ளேதான் கோளாறு. உளியின் வால் இறங்குவதற்கு எதிர்த்தலையில் துளைக்கம்பி மாட்டித் துளை போட்டால், அது நடுவில் இறங்காமல் ஒருபக்கமாக ஒதுங்கியது. பதினொரு கைப்பிடி செய்தாள். பதினொன்றிலும் அவளே பெருக்கல் குறி போட்டாள்.

முனைகளை நெருக்கிப் பார்த்தாள். ஒரு நகக்கனம் மேலும் கீழுமாக நின்றன. நாள் நெருங்கிவிட்டது, இன்னும் மூன்றே வாரம். எதிர்த்தலையின் அடிப்பக்கத்தைத் தேய்த்து உயரத்தைக் குறைத்துவிடுவதென்று முடிவு செய்து, பட்டறைக்காரருக்குப் போன் செய்தாள். "தேய்ச்சா தேய்ச்சதுதான்மா, திரும்ப ஒட்ட முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க," என்றாராம். மறுநாள் காலை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து புலம்பினாள். "எதிர்த்தலை ஒசந்து நிக்குதுடி."

"ஏன், இந்தத் தலை தாழ்ந்து நிக்கக் கூடாதா?" என்று சும்மா சீண்டினேன். சொன்ன வாய் மூடவில்லை, என் கண் மெஷின் காலுக்குப் போய்விட்டது. அந்தத் தகரம் சுற்றும் தலைக்கு அடியிலிருந்து வந்ததுதானே!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே நான் எழுந்திருக்கவில்லை. லேத் உருப்படாவிட்டால் என் அறை எனக்கே திரும்பி வரும். என் மெஷினும் ஆடாமல் ஓடும். கையில் இருந்த டீயைச் சொட்டு விடாமல் குடித்தேன். அதற்குள் அவள் பதினொரு கைப்பிடியையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மெஷினைத் தூக்கித் தகரத்தை உருவி அவள் மடியில் போட்டேன்.

"இத்தனை நாளா இது உன் மெஷினுக்கு அடியிலயா இருந்துச்சு?"

"நீதானே குப்பைன்னு போட்டே!"

"படத்துல இல்லையேடி."

"என் மெஷின் படத்துலயும்தான் அட்டை இல்ல. ஆடுச்சு, வச்சேன். அந்தப் பள்ளிக்கூடத்துலயும் எவரோ தலை தொங்குதுன்னு பாத்து வச்சிருக்காரு."

அக்கா தகரத்தின் கனத்தை அளந்தாள். சுற்றும் தலையைத் தளர்த்தி, முன்விளிம்புக்கு அடியில் அதைச் செருகி, திருகை இறுக்கினாள். எதிர்த்தலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூக்கோடு மூக்கு தொட்டது. பட்டறைக்காரருக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு சுவர்ப் படத்திடம் போனாள். பெருக்கல் குறி போடப் போகிறாள் என்று நினைத்தேன். தலைக்கு அடியில் அந்தத் தகரத்தை வரைந்து, கனத்தையும் பக்கத்தில் எழுதினாள்.

அதே நாள், அதே மேஜை. நானும் கூடப் போயிருந்தேன். கடைசல்காரர் கைப்பிடியை உருட்டிப் பார்த்தார், அளவு பார்த்தார், துளையில் உளியை இறக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்தார். "பாஸ்!" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அடியில பாருங்க," என்றாள் அக்கா.

திருப்பினார். அடியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"கழுத்துல கால் மில்லி கனம் ஜாஸ்தி. உங்களுக்கு இன்னும் பாக்கத் தெரியல," என்று சொல்லி, பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

இந்தத் தடவை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீங்க போட்ட குறி எதுவும் தப்பில்லம்மா," என்றார்.

அக்காவின் கண் கலங்கியது. "ஒண்ணு தப்பு," என்றாள். "ஒரு தகரத்தைக் குப்பையில போட்டேன். இவதான் எடுத்து வச்சிருந்து குடுத்தா."

என் ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக என்னைப் பாராட்டுகிறாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த டீ விஷயத்தை மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் ஒரு குறி போட்டுவிடுவாள்.