துடுப்பில் கேட்ட சத்தம்

ஜப்பான்காரன் காலத்தில் நானும் அண்ணனும் நான்கு மாதம் தண்ணீருக்கு மேலே குடியிருந்தோம். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லோரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதுவரை போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. தப்பி ஓடிய எங்களுக்குத் தஞ்சோங் டாவாயில் ஒரு மலாய் மீனவர் தன் கேலோங்கில் இடம் கொடுத்தார். ஆற்று முகத்துவாரத்தில் மரக்கால் நட்டுக் கட்டிய மீன்பிடிக் குடிசை அது. நிமிர்ந்து நின்றால் கூரை தலையில் இடிக்கும். கீழே இடுப்பளவு தண்ணீர், அதற்கும் கீழே முழங்கால் புதையும் சேறு. கரை கண்ணெதிரே தெரியும், நினைத்தபோது போக முடியாது. எனக்கு அந்தக் கரையைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

வாரம் ஒருமுறை அண்ணன், மீனவர் வீடு திரும்பும் படகில் ஏறிக் கரைக்குப் போய், அண்ணியைப் பார்த்து, மரவள்ளிக்கிழங்கு வாங்கி வருவார். திரும்பும்போது அலையாத்தி மரங்களுக்குள் மறைந்து நின்று, தண்ணீருக்குள் இரண்டு கற்களை மூன்று மூன்று முறையாகத் தட்டுவார். நான் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் பிடியில் காதை வைத்திருப்பேன். கேட்டதும் சம்பான் என்ற சிறு துடுப்புப் படகில் போய் அவரை ஏற்றிவர வேண்டும். கூப்பிட்டாலோ துணியை ஆட்டினாலோ ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நிற்கும் ஜப்பான்காரனுக்குத் தெரிந்துவிடும்.

சொல்வதற்கு எளிது. அங்கே சேற்றில் கிடக்கும் ஒருவகைச் சின்ன இறால் ஓயாமல் கொடுக்கைச் சொடுக்கும். எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் காது நிறைய அதுதான். தண்ணீர் வற்ற வற்றக் கல்லின் சத்தம் மங்கி, கடைசியில் ஒன்றுமே வராது. அப்படியான நாட்களில் அண்ணன் தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, சம்பானில் ஏறியதும் "செவிட்டுப் பயலே" என்று தலையில் ஒரு குட்டு வைப்பார்.

ஒருநாள் அண்ணன் கரைக்குப் போயிருந்தார். அன்று மத்தியானம் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். கரைச் சாலையில் ஒரு லோரி வந்து நின்றது. சிப்பாய்கள் குதித்து இறங்கி, மரங்களைப் பார்த்து நடப்பது எனக்குத் தெரிந்தது. காதைத் துடுப்பில் வைத்தேன். மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. பிறகு இடைவெளியே இல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தார். சம்பான் கயிற்றைப் பிடித்த என் கை அதை அவிழ்க்கவில்லை. இறால்தான், இறால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடுப்பைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் பலகைமேல் போட்டேன். உடனே சத்தம் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி நான்.

சண்டை முடிந்தபின் அண்ணன் சயாமிலிருந்து வந்தார். ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. அண்ணி சோறு போட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அண்ணன் கேட்டார். "அன்னைக்குக் கல்லுச் சத்தம் கேட்டுச்சாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "எப்படிக் கேக்கும், தண்ணிதான் வத்திருச்சே லா. நான் ஒரு மடையன், கை வீங்குற வரைக்கும் தட்டிக்கிட்டு இருந்தேன்."

"கேக்கலண்ணே," என்றேன். அவர் சாகும்வரை அதை மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.