சத்தம் வராத படம்

என் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தஞ்சாவூரில் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் படித்தவள். தமிழ் நன்றாக வாசிப்பாள், போனில் என்னைவிட வேகமாக டைப் செய்வாள். எனக்குக் குத்தாலம் கடைத்தெருவில் மொபைல் சர்வீஸ் கடை. கல்யாணத்துக்குப் பிறகு சைகை மொழி கற்றுக்கொண்டேன். அவள் அளவுக்கு வராது. சண்டை போடும் அளவுக்கு வரும்.

சினிமாவுக்குப் போவதில்தான் சிரமம். தியேட்டர் இருட்டில் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் கையால் சொல்வேன். பின்வரிசைக்காரர்கள் அதட்டுவார்கள். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் படம் எங்கேயோ போயிருக்கும். கொட்டகையே சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் சிரிப்பாள். அதுவும் எனக்காகச் சிரிக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கும். ஒரு நாள், "இனிமே நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று டைப் செய்து காட்டினாள். அதற்குப் பிறகு நானும் போகவில்லை.

பிறகு அவளுடைய பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு லிங்க் அனுப்பினாள். குறும்படங்களுக்கென்றே உள்ள ஓர் இணையதளம். யார் வேண்டுமானாலும் படம் எடுத்து ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேசுவதையெல்லாம் கீழே எழுத்தில் போட்டாக வேண்டும் என்பது அவர்கள் விதி. வசனமே இல்லாத படங்களுக்குத் தனியாக ஒரு பகுதி வைத்திருந்தார்கள்.

நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அடுக்களை வாசற்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள். அருகில் நின்ற எனக்கு எதற்கென்று புரியவில்லை. "என்ன?" என்று கையசைத்தேன். பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் படத்தை முடித்த பிறகே எனக்குச் சொன்னாள். அவள் சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் முழுக்க அவள் பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. எந்தெந்த நாட்டுப் படங்களோ. சாப்பிடும்போது எனக்குக் கதை சொல்வாள். முகத்தாலும் கையாலும் அவள் சொல்லும்போது சோறு ஆறிப்போகும். பிறகு ஒரு நாள் டைப் செய்து காட்டினாள்: "நானும் ஒண்ணு எடுக்கப் போறேன்."

"எதைப் பத்தி?"

கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள். அங்கே என் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் குரலைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். நடவு வயலில் ஒரு வரப்பில் நின்று கூப்பிட்டால் கடைசி வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்வார்கள். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகளுக்கு அந்தக் குரல் கேட்காது. அம்மா அதை நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. வேறு வழிகள் கண்டுபிடித்தார். துணிக்கொடியின் ஒரு முனை அடுக்களை ஜன்னலில், மறு முனை கொல்லை முருங்கை மரத்தில். உள்ளிருந்து அம்மா ஒரு இழுப்பு இழுத்தால் கொடியில் கிடக்கும் துணியெல்லாம் துள்ளும். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி திரும்பிப் பார்ப்பாள். அறைக்குள் இருந்தால் லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பார். வயலுக்குச் சாப்பாடு எடுத்து வரச் சொல்ல, வீட்டிலிருந்து தெரியும்படி மோட்டார் கொட்டகையின் மேல் சிவப்புத் துண்டைக் கட்டுவார். ஒன்றும் இல்லாவிட்டால் புளியங்கொட்டையால் எறிவார்.

ஒரு மாமியார் காலையிலிருந்து சாயங்காலம் வரை மருமகளைக் கூப்பிடுவது. படம் அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னதும், "நான் கூப்புடுறத போயி யாருடா பாப்பாங்க? ஊரு சிரிக்கும்" என்றார். மறுநாள் பார்த்தால் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை படிய வாரி வந்து நின்றார். என் மனைவி பழைய புடவையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. போதாததற்கு, கொடியை இழுக்கும்போதெல்லாம் கேமராவைப் பார்த்து ஒரு புன்னகை. மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். புளியங்கொட்டை எறியும் காட்சியில் குறி தவறிக் கோழி மேல் பட்டு, அது கத்திக்கொண்டு ஓடியது. அம்மா கேமராவை மறந்து அதன் பின்னால் ஓடினார். அந்தக் காட்சியை என் மனைவி படத்தில் அப்படியே வைத்துக்கொண்டாள்.

போனிலேயே வெட்டி ஒட்டி முடித்து எங்களுக்குக் காட்டினாள். அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கா, பாரேன்."

எனக்கு மட்டும் ஒரு குறை. படத்தில் சத்தமே இல்லை. கோழி கத்துவதுகூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தாள். "ஒரு புல்லாங்குழல் போட்டா நல்லா இருக்கும்" என்றேன். ஒன்றைச் சேர்த்தும் காட்டினேன். அவள் ஸ்பீக்கர் மேல் விரலை வைத்து அதன் அதிர்வைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டைப் செய்தாள்: "இது உங்க படத்துக்கு வெச்சுக்குங்க. என் வீட்டுல புல்லாங்குழல் இல்ல."

படத்தை ஏற்றும்போது என் நம்பரைக் கொடுத்திருந்தோம்; சில நாளில் அந்தத் தளத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். "சார், ஆடியோ வரலைங்க. மறுபடி அப்லோட் பண்ணச் சொல்லுங்க. டைரக்டர் இருக்காங்களா?"

டைரக்டர் என்று அவர் சொன்னது என் மனைவியை. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "அப்போ நான் அவங்ககிட்டயே சாட்ல பேசிக்கிறேன் சார். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றார். இருவரும் வெகுநேரம் எழுதிக்கொண்டார்கள். நடுவில் நான் எட்டிப் பார்த்தபோது என் மனைவி போனைத் திருப்பிக்கொண்டாள். படம் அப்படியே, சத்தமில்லாமல், தளத்தில் வந்தது.

எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்களில் அது சுற்றத் தொடங்கியிருந்த சமயம். கடைக்கு ஒரு காய்கறி வியாபாரி வந்தார். "தம்பி, நேத்துலேருந்து போன்ல சத்தம் வர மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்று நீட்டினார். ஒரு பாட்டைப் போட்டேன், கடை அதிர்ந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல தம்பி, இந்தப் படத்துக்கு மட்டும் வரல" என்று அவர் திறந்து காட்டியது அம்மா கொடியை இழுக்கும் காட்சி.

"இதுல சத்தமே கிடையாதுங்க. எடுத்தவங்களுக்குக் காது கேக்காது. அவங்களுக்கு உலகம் எப்புடியோ அப்புடியே எடுத்திருக்காங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி பார்த்தார். கடையில் வேறு ஆட்கள் வந்து போனார்கள்; அவர் நிமிரவில்லை. முடிந்ததும், "சத்தத்தைத் தேடிக்கிட்டு இருந்ததுல நேத்து படத்தையே பாக்கல" என்றார். பிறகு, "அந்த அம்மா யாரு தம்பி? என்னா சாமர்த்தியம்!"

"எங்க அம்மாங்க. எடுத்தது என் வீட்டுக்காரம்மா."

அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லத் தோன்றியது. ஆனாலும் நானும் குலுக்கினேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கே படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "இந்தப் படத்தில் சத்தம் இல்லை. உங்கள் போனில் பழுது எதுவும் இல்லை."

படத்தின் கீழே நிறையப் பேர் எழுதினார்கள். நாகப்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு பெண் குரல் பதிவாகவே அனுப்பியிருந்தார். தன் மகளுக்கும் காது கேட்காது என்றும், இத்தனை நாள் ஒவ்வொரு தடவையும் கிட்டே போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட்டு வந்ததாகவும் சொன்னார். "இப்ப நாங்களும் வலைக்கயிறு ஒண்ணு கட்டியிருக்கோம்க்கா. எம்பொண்ணுதான் அதை இழுத்து இழுத்து என்னைக் கூப்புடுறா. ஒரு வேலை செய்ய விடமாட்டேங்குறா." நான் அதைச் சைகையில் சொல்ல, என் மனைவி என்னை மறுபடி மறுபடி சொல்ல வைத்தாள்.

இப்போது அந்தத் தளத்துக்கு வரும் தமிழ்ப் படங்களின் கீழே ஓடும் எழுத்துகளை அவள்தான் சரிபார்க்கிறாள். கண்டிப்பு அதிகம். 'இசை' என்று மட்டும் போட்டால் விடமாட்டாள். "என்ன இசை? பயமா, கல்யாணமா? எனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பி அனுப்புவாள். அனுப்பியவர்கள் திருத்தித் தருகிறார்கள். சிலர் படம் எடுக்கும்போதே அவளிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த படத்துக்குக் கோடியக்கரை போகலாம் என்கிறாள். உப்பளத்துத் தண்ணீரில் நிழல் விழுவதை வைத்தே, அண்ணாந்து பார்க்காமல், பறவைகள் வருவதைக் காட்ட வேண்டுமாம். அம்மாவிடம் சொன்னேன்.

"பறவை மட்டும்தானா?" என்றார் அம்மா. "எனக்கு அதுல வேஷம் இல்லையான்னு அவகிட்ட கேளுடா."