பொது நிறம்

ஹம்பேர்க்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்தவள் அவள். பிரேசில்காரி. என்னைவிட உயரம், என்னைவிடக் கறுப்பு. வெள்ளிக்கிழமைகளில் தலையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வருவாள். ஆபிரிக்காவிலிருந்து தன் முன்னோரோடு வந்த தெய்வத்துக்கு உரிய நாளாம். நானும் வெள்ளியில் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அப்படியொரு வெள்ளி, சாப்பாட்டு நேரத்தில் கலியாணப் புரோக்கர் போன் எடுத்தார். "பிள்ளை என்ன நிறம், அக்கா?"

"பொது நிறம்."

போனை வைத்ததும் என்ன கதைத்தாய் என்று அவள் ஜேர்மன் மொழியான டொச்சில் கேட்டாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன், நிறம் கேட்டார்கள், கறுப்புமில்லை வெள்ளையுமில்லை என்று சொன்னேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கட நாட்டிலயும் அப்பிடிச் சொல்லுகள் நிறைய இருக்கு. குடிசனக் கணக்கெடுக்க வந்தவன் என்னை மண்ணிறம் எண்டு பதியப் பார்த்தான். கறுப்பெண்டு போடு எண்டு நிண்டன். அம்மா அதுக்குப் பிறகு என்னோட கதைக்கேல்லை."

"மண்ணிறம் எண்டே விட்டிருக்கலாமே?"

"பொலிஸ் மறிக்கேக்க மண்ணிறமெண்டு விடுறவங்களோ?"

பிறகு என் போனிலிருந்த மகளின் படத்தைப் பார்த்தாள். "இப்ப சொல்லு, என்ன நிறம்?"

"கறுப்பு" என்றேன். டொச்சில் சுலபமாக வந்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு விரிப்பு மடிக்கப் போனாள்.

அவள் இப்போது வேறு ஊரில். போன கிழமை புரோக்கர் திரும்பவும் போன் எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைத் திரும்பக் கேட்கிறார்களாம். அதே சொல்லைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அக்கா, லைன் கட்டாயிட்டுதோ?"

"ஓம்" என்றேன்.