கழுத்தை இறுக்கி ஒரு ‘ஆ’

“…என்ரை தமக்கை திரும்பவும் வியட்நாமிய மொழியிலை பதில் சொன்னா எண்டால், அக்கா, நான் போனை வைச்சிடுவன். இனி எடுக்கவும் மாட்டன். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ” என்றாள் என்னோடு வேலை செய்கிறவள். ஜெர்மன் மொழியில்தான் சொன்னாள். ‘அக்கா’ மட்டும் தமிழ். அது நான் கொடுத்தது. மற்றதை எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் இருவருக்கும் வேலை. அவள் வியட்நாமின் மலைப்பக்கத்துக்காரி. வீட்டு மொழி பகோ, அங்குள்ள மலைமக்கள் பேசுவது. பெர்லின் சுவர் விழுவதற்கு முன்பே தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். விடுதியில் கூட இருந்த சமவெளிப் பெண்கள் சிரிப்பார்களே என்று தன் மொழியை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். பிறகு ஒருநாள் ஊரிலிருக்கும் தமக்கையோடு போனில் பகோவில் பேசியபோது அவள் கேட்டாளாம்: “இது ஆர் கதைக்கிறது, ரேடியோவிலை செய்தி வாசிக்கிறவளோ?” அன்றிலிருந்து தமக்கை இவளோடு வியட்நாமிய மொழிதான். அரசாங்கக் கந்தோருக்கு வந்த ஆளோடு பேசுவதுபோல.

சொற்கள் மறக்கவில்லை. கழுத்துத்தான் மறந்துவிட்டது. பகோவில் சில உயிரொலிகளைக் கழுத்தைத் தளர்த்தியும் சொல்லலாம், இறுக்கியும் சொல்லலாம், பொருள் மாறிவிடும். அதற்குள்ளே குறில், நெடில் வேறு. எங்களுடைய பன்னிரண்டு உயிரும் அங்கே ஒரு மூலைக்குக் காணாது. இவளுக்கோ இறுக்கியது எல்லாம் தளர்ந்து ஒன்றாகிப் போயிருந்தது.

படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று விறைப்பாக இழுக்கும்போது இறுக்கிய ஒலி, கிட்ட வந்து முனை சேர்க்கும்போது தளர்ந்த ஒலி என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மாரிகாலம் முழுக்க அப்படித்தான் மடித்தோம். நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு இறுக்கம் என்றால் சத்தம்.

“ஏன் கத்துறியள்? மீன்முள்ளு சிக்கின பூனை மாதிரிக் கிடக்கு!”

சிரித்துக்கொண்டே என் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். சத்தம் கொஞ்சமும் கூடவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெல்ல முடிச்சிட்டு அவிழ்ந்தது. இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு வேலையா என்று நான் வாய் பிளந்து நின்றேன். மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்து, இருவருக்கும் தொண்டை நோவு என்று முடிவெடுத்து, தொண்டை மிட்டாய் தந்துவிட்டுப் போனாள்.

அவள் ‘பக்கத்திலை நில்லுங்கோ’ என்றது பங்குனியில் ஒரு மதிய இடைவேளையில். போனை இஸ்திரி மேசையில் வைத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். தமக்கை எடுத்தாள். இவள் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் கழுத்து இறுகுகிறது என்று இப்போது என் காதுக்குத் தெரியும். ஒன்றும் வழுக்கவில்லை.

பேசி முடித்தாள். இவளுடைய விரல் அழைப்பை வெட்டும் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது.

பிறகு தமக்கை பேசத் தொடங்கினாள். வேகமாக, நடுவில் சிரித்து, யாரையோ ஏசி, மறுபடி சிரித்து. அதே முடிச்சு, அதே அவிழ்ப்பு. பகோ!

“என்னவாம்?” என்றேன்.

அவள் ஸ்பீக்கரை நிற்பாட்டினாள், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி முற்றத்துக்குப் போய்விட்டாள்.